வானம் பார்த்த பூமியில் ஏழு இரவுகள்

 

மல்லாங்கிணற்றையும் அதனைச் சூழ்ந்த அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களையும் ‘வானம் பார்த்த பூமி’ என்று சொல்வது வழக்கம். ஆற்றுப் பாசனம் இல்லாத கரிசல் காட்டில் மழையை நம்பி விதைத்து, மழையை நம்பி வாழ்ந்த மக்கள் சூட்டிய பெயர் அது. அந்த மக்கள் மழைக்காக மட்டும் வானத்தைப் பார்க்கவில்லை. கிடை போட்டுக் காட்டில் படுத்திருந்த கீதாரிகள் கூட்டுமீன்களின் நிலையைக் கண்டு இரவில் எத்தனை நாழிகை கழிந்தது என்று சொன்னார்கள். விடிவெள்ளி முளைத்ததைக் கண்டு ஏர் பூட்டினார்கள். பள்ளிவாசலின் மோதினார் கீழ்வானத்தின் வெளுப்பைக் கண்டு பாங்கு சொன்னார்.

இன்று அதே ஊர்களில் மழை வருமா என்பதையும் கைப்பேசி சொல்கிறது, ஃபஜ்ர் வக்து எப்போது என்பதையும் கைப்பேசி சொல்கிறது. பிறை தெரிந்ததா என்ற கேள்விக்கும் கைப்பேசியில் வரும் செய்திதான் விடை. வசதி வந்ததில் நமக்கு மனத்தாங்கல் இல்லை. கருவி தந்தவனும் அல்லாஹ்வே. ஆனால், அந்தச் செய்தி வந்த பிறகும் வெளியே சென்று ஒருமுறை தலையை உயர்த்திப் பார்ப்பதில்லையே, அதுதான் நம் கவலை.

மக்தப் மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் எங்களைப் போன்றோர் இதை அன்றாடம் காண்கிறோம். அம்ம ஜுஸ்உவைப் பிழையின்றி மனனம் செய்த பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். புரூஜ், தாரிக், ஃபஜ்ர், ஷம்ஸ், லைல், ளுஹா என்று அவர்கள் மனனம் செய்த அத்தியாயங்களின் பெயர்களே வானத்தையும் வானத்தின் பொழுதுகளையும் குறிப்பவை. ஆயினும், தாரிக் அத்தியாயத்தை இனிய குரலில் ஓதும் பிள்ளையிடம் ஒரு நட்சத்திரத்தைக் காட்டி, இதன் பெயர் என்ன என்று கேட்டால் விழிக்கிறது. பிள்ளையின் மீது குற்றமில்லை. காட்டித் தரப் பெரியவர்கள் உடன் வரவில்லை என்பதே உண்மை.

ஆகவே இந்தக் கோடை விடுமுறையில் ஒவ்வொரு குடும்பத்திடமும் நாம் ஒன்றைக் கேட்கிறோம். 2026 மே 17 ஞாயிறு முதல் மே 23 சனி வரை ஏழு இரவுகள், இஷாவுக்கு முன்னோ பின்னோ அரை மணி நேரம், பிள்ளைகளுடன் மொட்டை மாடிக்குச் செல்லுங்கள். இந்த வாரத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஹிஜ்ரி 1447இன் துல்ஹஜ் மாதப் பிறையை எதிர்நோக்கும் வாரம் இது. அல்லாஹ் சத்தியமிட்டுச் சிறப்பித்த பத்து இரவுகள் துல்ஹஜ்ஜின் முதல் பத்து என்பது குர்ஆன் விரிவுரையாளர்களில் பெரும்பாலோரின் கருத்து. அந்த இரவுகளில் வானமும் கண்ணுக்கு விருந்து வைத்திருக்கிறது.

முதல் இரவு பிறைக்குரியது. பிறைகள் மக்களுக்குக் காலம் காட்டுபவை என்றும் ஹஜ்ஜுக்குரிய காலத்தை அறிவிப்பவை என்றும் அல்பகறா அத்தியாயத்தின் 189ஆம் வசனம் கற்பிக்கிறது. ஆண்டுதோறும் நம் ஊர்களில் பிறை பற்றிய வாதம் எழுகிறது. அந்தந்தப் பகுதியில் கண்ணால் கண்டதையே ஏற்போர் ஒரு சாரார். உலகில் எங்கு கண்டாலும் போதும் என்போர் ஒரு சாரார். கணக்கீட்டையே முடிவாகக் கொள்வோர் மற்றொரு சாரார். ஒரே தெருவில் இரண்டு நாள் பெருநாள் கொண்டாடிய வருத்தம் தமிழக முஸ்லிம்களுக்குப் புதிதன்று. எந்தக் கருத்து சரி என்று தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது ஆலிம்களின் பொறுப்பு, அறிவிப்பு காஜியின் பொறுப்பு. நாம் சொல்வது இதுதான்: எந்தக் கருத்தைக் கொண்டவரானாலும், வாதிடுவதற்கு முன் பிறையைத் தேடிப் பார்த்த அனுபவம் ஒருமுறையேனும் இருக்க வேண்டும். அமாவாசை என்பது எது, பிறை வயது என்பது எது, மறையும் சூரியனுக்கு எந்தப் பக்கம் பிறை நிற்கும் என்று அறியாமலேயே பிறையைப் பற்றிச் சண்டையிடுவது, தண்ணீரில் இறங்காமலேயே நீச்சலைப் பற்றிச் சண்டையிடுவது போன்றது.

அறிந்துகொள்வது எளிது. இம்மாதம் நிலவும் சூரியனும் ஒரே திசையில் சேரும் நேரம், அதாவது அமாவாசைக் கணம், நம் நேரப்படி மே 17 அதிகாலை ஒன்றரை மணி அளவில் நிகழ்கிறது. அன்று மாலை மல்லாங்கிணற்றில் சூரியன் ஏறத்தாழ ஆறரை மணிக்கு மறையும்போது பிறையின் வயது 17 மணி நேரம். சூரியன் மறைந்த பின் ஏறத்தாழ நாற்பது நிமிடங்களே அது அடிவானத்துக்கு மேல் நிற்கும். சூரியன் மறைந்த இடத்துக்குச் சற்று வலப்புறம், அதாவது வடபுறம், மறைந்து பதினைந்து அல்லது இருபது நிமிடங்கள் கழித்துத் தேட வேண்டும். அதற்கு முன் செவ்வொளி மறைக்கும், அதற்குப் பின் அடிவானத் தூசி மறைக்கும். கோடை மழை மேகம் நின்றால் அதுவும் மறைக்கும். கணக்கின்படி கண்ணுக்குப் படக்கூடிய பிறைதான், ஆனால் எளிதில் படக்கூடியதன்று. சாட்சி சொல்வதற்கு மார்க்கம் ஏன் இவ்வளவு கவனம் கேட்கிறது என்பது அந்தப் பதினைந்து நிமிடத் தேடலில் புரிந்துவிடும்.

குர்பானி கொடுக்க எண்ணியவர் துல்ஹஜ் பிறை பிறந்தது முதல் முடியையும் நகத்தையும் களையாதிருக்க வேண்டும் என்ற நபிமொழி உம்மு ஸலமா (ரலி) அவர்கள் வழியாக முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. எனவே இந்தப் பிறைக்குக் காத்திருப்பது ஹாஜிகளுக்கு மட்டும் உரிய செயலன்று, வீட்டில் ஆடு வாங்கிக் கட்டியிருக்கும் ஒவ்வொருவருக்கும் அதில் வேலை இருக்கிறது. பிறையைக் கண்டால் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த துஆவைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பாதுகாப்பும் ஈமானும் வேண்டுவதுடன், பிறையை நோக்கி, உன்னையும் என்னையும் படைத்து வளர்ப்பவன் ஒருவனே என்று உரைக்கும் கருத்துடைய துஆ அது. ஓர் ஒளியைக் கண்டு மகிழவும் வேண்டும், அதனை வணங்காதிருக்கவும் வேண்டும் என்ற இரண்டு பாடங்களும் அதில் அடங்கியுள்ளன. அன்று பிறை தென்படாவிட்டாலும் தேடிய நன்மை வீணாகாது. மறுநாள் அது அனைவர் கண்ணுக்கும் தெளிவாகத் தெரியும்.

இரண்டாம் இரவு, மே 18 திங்கள். மேற்கே எரியும் விளக்குபோல் ஒன்று நிற்கும். விமானமோ என்று பிள்ளைகள் கேட்பார்கள். அது வெள்ளிக் கோள். வைகறையில் கிழக்கே தோன்றினால் விடிவெள்ளி என்று நம் பெரியோர் அழைத்தது இதைத்தான். இப்போது அது மாலை வானில் இருக்கிறது. அரபியில் இதற்கு ஸுஹ்றா என்று பெயர். அன்றைய பிறை அதன் கீழே சற்று வலப்புறம் நிற்கும். மெல்லிய பிறையும் பளிச்சிடும் வெள்ளியும் அருகருகே இருக்கும் அக்காட்சியைக் காண ஒரு கருவியும் தேவையில்லை.

மூன்றாம் இரவு, மே 19 செவ்வாய். வெள்ளிக்கு மேலே இன்னொரு பேரொளி இருக்கும். அது வியாழன், அரபியில் முஷ்தரீ. நிலவு அன்று இவ்விரண்டுக்கும் நடுவே வந்திருக்கும். நிலவின் ஒளிராத பகுதியைக் கூர்ந்து நோக்கச் சொல்லுங்கள். அது முழுதும் இருண்டிராமல் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும். சூரிய ஒளி நம் பூமியில் பட்டு, இங்கிருந்து நிலவுக்குச் சென்று, மீண்டும் நம் கண்ணுக்குத் திரும்புவதால் வரும் மங்கொளி அது. நிலவுக்கும் நாம் ஒரு விளக்கு என்று பிள்ளைகளிடம் சொன்னால் அவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

இங்கே இப்ராஹீம் (அலை) அவர்களின் வரலாற்றைச் சொல்லிக் கொடுக்க இதைவிடப் பொருத்தமான இரவு கிடையாது. அல்அன்ஆம் அத்தியாயத்தில் அவர்கள் ஒரு நட்சத்திரத்தையும் பின்பு நிலவையும் பின்பு சூரியனையும் காட்டித் தம் சமுதாயத்தாரிடம் உரையாடிய செய்தி வருகிறது. ஒவ்வொன்றும் மறைந்தது. மறைபவை இறைவனாக முடியாது என்று அவர்கள் நிறுவினார்கள். அந்த நட்சத்திரம் வெள்ளியாக இருக்கலாம் அல்லது வியாழனாக இருக்கலாம் என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் எழுதியுள்ளனர். அவ்விரண்டும் இந்த வாரம் மேல்வானில் உள்ளன. ஒன்பது மணிக்குள் வெள்ளி மறையும். அடுத்த ஒரு மணி நேரம் போல் கழித்து வியாழனும் மறையும். குர்பானியின் வரலாற்றுக்குரிய நபியவர்களின் சான்றைப் பிள்ளைகள் தம் வீட்டு மாடியிலேயே கண்ணால் காணலாம். வகுப்பறையில் நாங்கள் ஒரு மணி நேரம் விளக்குவதைக் காட்டிலும் அந்த மறைவு நன்றாக விளக்கும்.

நான்காம் இரவு, மே 20 புதன். நிலவு வியாழனுக்கு அருகே வந்துவிடும். யாரிடமேனும் இருகண் நோக்கி இருந்தால் கைகளைச் சுவரில் ஊன்றி வியாழனைப் பாருங்கள். எண்பது கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அக்கோளின் இரு பக்கங்களிலும் ஊசிமுனை போன்ற ஒளிப்புள்ளிகள் வரிசையாகத் தெரியும். 1610இல் கலீலியோ கண்ட நான்கு நிலவுகள் அவை. வானம் முழுவதும் பூமியைத்தான் சுற்றுகிறது என்ற பழைய எண்ணத்தை அசைத்தவை அந்தப் புள்ளிகளே.

அதே இரவில் தென்மேற்கே தாழ்வாக வெண்ணீல ஒளியுடன் துடிக்கும் விண்மீனையும் காட்டுங்கள். இரவு வானில் நாம் காணும் விண்மீன்களுள் மிகப் பிரகாசமானது அதுவே. சிரியஸ் என்று பாடநூலில் படிப்பது இதைத்தான். அரபியில் ஷிஃரா. அதன் ஒளி நம்மை அடைய ஏறத்தாழ எட்டரை ஆண்டுகள் ஆகின்றன. மதரஸாவில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை பிறந்த காலத்தில் புறப்பட்ட ஒளி இன்று அதன் கண்ணில் விழுகிறது. அரபு மக்களில் சிலர் இந்த விண்மீனை வணங்கினர். அதற்கும் ஓர் இறைவன் இருக்கிறான் என்று அந்நஜ்ம் அத்தியாயம் பெயர் சொல்லி நினைவூட்டியது. அந்த வசனத்தை ஓதியவர் எத்தனையோ பேர், அந்த விண்மீனை அறிந்தவர் எத்தனை பேர்?

ஐந்தாம் இரவு, மே 21 வியாழன். மஃரிபுடன் நாள் மாறும் நம் கணக்கில் இது ஜும்ஆ இரவு. இன்று வடக்கே திரும்புங்கள். எட்டு மணிக்கு ஏழு விண்மீன்கள் அகப்பை வடிவில் நிற்கும். சப்தரிஷி மண்டலம் என்பர். அகப்பையின் முன்விளிம்பில் உள்ள இரு விண்மீன்களை இணைத்து, அந்த இடைவெளியைப் போல் ஐந்து மடங்கு கீழே சென்றால் துருவ நட்சத்திரம். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பதரைப் பாகைக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் இருப்பதால் துருவ நட்சத்திரமும் அதே அளவு உயரத்தில்தான் நிற்கும். கையை நேரே நீட்டி மூடிய முட்டியை அடிவானத்தில் வைத்தால் அதன் உயரம் ஏறத்தாழப் பத்துப் பாகை. ஒரு முட்டி உயரம், அவ்வளவே. மதுரைப் பக்கத்து விளக்கொளி அதனைச் சற்று மங்கச் செய்யும். பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

இந்த ஒரு முட்டி உயரத்தில் நம் முன்னோரின் வரலாறும் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் மரக்கலம் செலுத்திய அரபு மாலுமிகள் கமால் என்ற கருவியை வைத்திருந்தனர். ஒரு சிறு மரப்பலகை, அதன் நடுவே முடிச்சிட்ட கயிறு, அவ்வளவுதான். கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு பலகையின் கீழ்விளிம்பை அடிவானத்திலும் மேல்விளிம்பைத் துருவ நட்சத்திரத்திலும் பொருத்துவார்கள். எந்த முடிச்சில் பொருந்துகிறதோ அது எந்தத் துறைமுகத்துக்குரிய உயரம் என்று அறிவார்கள். 15ஆம் நூற்றாண்டின் பெரும் மாலுமி அஹ்மத் இப்னு மாஜித் கடலோட்டக் கலையையும் விண்மீன்களையும் பற்றி விரிவான நூலே எழுதினார். கீழக்கரையும் காயல்பட்டினமும் இந்தக் கடல் வாணிபத்தில் வளர்ந்த ஊர்கள். இருளில் வழி அறிவதற்காக நட்சத்திரங்கள் அமைக்கப்பட்டன என்ற இறைவசனத்தை அவர்கள் தம் தொழிலாகவே வாழ்ந்தார்கள்.

ஆறாம் இரவு, மே 22 வெள்ளி. இன்று தெற்கே திரும்புங்கள். ஒன்பது மணி அளவில் தென்வானில் இரண்டு முட்டி உயரத்தில் நான்கு விண்மீன்கள் சாய்சதுரமாக நிமிர்ந்து நிற்கும். திரிசங்கு என்று நம் நாட்டிலும் தென்சிலுவை என்று பாடநூலிலும் வழங்குவது இது. டெல்லியில் இருப்போருக்கு இது முழுமையாகத் தெரியாது. நாம் தெற்கே இருப்பதால் பெற்ற பாக்கியம். சற்று நேரம் கழித்து அதன் இடப்புறம் இரு பிரகாசமான விண்மீன்கள் எழும்பியிருக்கும். அவற்றுள் கீழே இடப்பக்கம் உள்ளது, சூரியனை அடுத்து நமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் குடும்பம். அந்த அண்மையே நான்கு ஒளியாண்டுக்கு மேல்.

அன்றும் மறுநாளும் நிலவின் பக்கத்தில் ஒரு விண்மீன் தெரியும். தமிழில் மகம். அரபியில் கல்புல் அஸத், சிங்கத்தின் இதயம். கிழக்கே உயரத்தில் செம்பொன் நிறத்தில் ஒளிர்வது சுவாதி, அதற்குத் தெற்கே வெண்மையாக இருப்பது சித்திரை. இவ்விரண்டையும் அரபியர் இரண்டு ஸிமாக்குகள் என்றனர். தென்கிழக்கே செந்நிறமாக எழும்புவது கேட்டை, அவர்களுக்குக் கல்புல் அக்ரப், தேளின் இதயம். ஒரே விண்மீனுக்கு நம் மொழியிலும் பெயர், நம் மார்க்க மொழியிலும் பெயர். இன்று உலகமெங்கும் வானியலார் வழங்கும் அல்தெபரான், ரிஜெல், வேகா, அல்தாயிர், தெனெப் ஆகிய பெயர்கள் அரபிச் சொற்களிலிருந்து பிறந்தவை. அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபீ 964ஆம் ஆண்டு அளவில் நிலையான விண்மீன்களைப் பற்றி நூல் செய்தார். சமர்கந்தில் உலூக் பேக் 15ஆம் நூற்றாண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை அளந்து அட்டவணை வகுத்தார். டமாஸ்கஸின் உமையா பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் முவக்கித் பதவியில் இருந்தவர் 14ஆம் நூற்றாண்டின் பெரும் வானியலறிஞர் இப்னுஷ் ஷாத்திர். பள்ளிவாசல் ஊழியத்தில் வானியலறிஞர் ஒருவர் பதவி வகித்த சமுதாயம் நாம் என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

ஏழாம் இரவு, மே 23 சனி. மாலையில் அரைநிலா. ஆனால் இன்றைய அழைப்பு பின்னிரவுக்கு. நள்ளிரவை ஒட்டி நிலவு மறைந்துவிடும். மூன்றரை மணிக்கு எழுந்து தஹஜ்ஜுத் தொழுதபின் மாடிக்கு வாருங்கள். தெற்கிலிருந்து தலைக்கு மேலாக வடகிழக்கு நோக்கி ஒரு வெண்புகைப் பட்டை கிடக்கும். மேகமன்று, பால்வீதி. நாம் வாழும் விண்மீன் கூட்டத்தை அதனுள் இருந்தே பார்க்கிறோம். நான்கு மணிக்குக் கிட்டத்தட்டத் தலைக்கு நேர் மேலே நிற்பது திருவோணம், அரபியில் அந்நஸ்ருத் தாயிர், பறக்கும் கழுகு.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது, தம் தாயின் சகோதரியும் நபிகளாரின் துணைவியாருமான மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் ஓர் இரவு தங்கினார்கள். இரவின் கடைசிப் பகுதியில் நபி (ஸல்) அவர்கள் எழுந்து, வானத்தை நோக்கி, ஆலு இம்ரான் அத்தியாயத்தின் இறுதி வசனங்களை ஓதியதை அச்சிறுவர் கண்டார். வானங்கள், பூமியின் படைப்பிலும் இரவு பகல் மாறுவதிலும் அறிவுடையோர்க்குச் சான்றுகள் இருப்பதைச் சொல்லும் வசனங்கள் அவை. புகாரீயில் இடம்பெற்ற இந்த அறிவிப்பை நாம் தொழுகைச் சட்டத்துக்காகப் பலமுறை படித்திருக்கிறோம். ஒரு பெரியவர் வானத்தைப் பார்த்ததை ஒரு சிறுவர் பார்த்தார் என்ற செய்தியும் அதில் இருக்கிறது. குழந்தை வளர்ப்புக்கு இதைவிட என்ன வழிகாட்டுதல் வேண்டும்?

மாடியிலிருந்து உடனே இறங்கிவிடாதீர்கள். கீழ்வானில் முதலில் ஓர் ஒளி ஓநாயின் வால்போல் மேல்நோக்கி நீண்டு தெரியலாம். ஃபிக்ஹு நூல்கள் பொய் வைகறை என்று சொல்வது அதுவே. கோள்களின் பாதையில் பரவியுள்ள நுண்தூசியில் சூரிய ஒளி படுவதால் அது தோன்றுகிறது. அதன்பின், ஏறத்தாழ நாலே முக்கால் மணி முதல், அடிவானத்தில் இடமும் வலமும் அகன்று பரவும் வெளுப்பே மெய் வைகறை. ஃபஜ்ரின் வக்து அதனுடன் தொடங்குகிறது. மாலையில் செவ்வொளி மறைந்தால் இஷாவா, அதன் பின்னுள்ள வெண்மையும் மறைய வேண்டுமா என்பதில் ஷாஃபிஈ இமாமும் அபூஹனீஃபா இமாமும் கருத்து வேறுபட்டதும் வானத்தைப் பார்த்துத்தான். பள்ளிவாசல் சுவரில் தொங்கும் நேர அட்டவணைக்கு மூலம் வானமே. மூலத்தை ஒருமுறையும் காணாமல் பிரதியை மட்டும் வைத்திருப்பது அறிவைத் தேடும் சமுதாயத்துக்கு அழகன்று.

இந்த அழைப்பைக் கேட்டுச் சிலர் தயங்குவர். நட்சத்திரம் பார்ப்பது சோதிடத்தில் கொண்டுபோய் விடாதா என்பது ஒரு தயக்கம். உண்மை அதற்கு நேர்மாறானது. சனிப்பெயர்ச்சிப் பலனுக்கு அஞ்சும் வழக்கம் நம் வீடுகள் சிலவற்றிலும் நுழைந்திருக்கிறது. ஏழாம் இரவின் பின்னிரவில் கிழக்கே மங்கிய மஞ்சள் புள்ளியாகச் சனிக்கோளைக் காட்டுங்கள். தன் பாதையில் அல்லாஹ்வின் கட்டளைப்படி ஓடும் ஒரு படைப்பு என்று கண்டவனுக்கு அதனிடம் அச்சம் எங்கிருந்து வரும்? நபிகளாரின் மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் நேர்ந்தபோது மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் நிகழ்வதில்லை என்று, துயரத்தின் நடுவிலும், நபி (ஸல்) அவர்கள் திருத்தினார்கள். பிறர் நம்பிக்கையைப் பழிப்பது நம் வேலையன்று. நம் வீட்டுக்குள் அந்த அச்சத்துக்கு இடமளிக்காதிருப்பது நம் வேலை.

பெண்பிள்ளைகள் இரவில் மாடிக்கு வருவதா என்பது இன்னொரு தயக்கம். அத்தாவும் அம்மாவும் உடனிருக்கும் நம் வீட்டு மாடிதானே அது? சிந்திக்கும்படி இறைவன் விடுத்த அழைப்பு ஆணுக்கு மட்டும் உரியதன்று. பகலெல்லாம் அடுப்படியில் வெந்த பெண்களுக்குக் கோடை இரவின் காற்று முதலில் உரியது. பாயையும் ஒரு செம்புத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு நன்னியையும் கைபிடித்து அழைத்து வாருங்கள். எழுமீன், ஆறுமீன் என்று அவர்கள் அறிந்த பெயர்கள் நம் பாடநூல்களில் இல்லாதவை. அவற்றைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகிகளிடமும் ஒரு வேண்டுகோள். இந்த ஏழு இரவுகளிலேனும் இஷா ஜமாஅத் முடிந்தபின் மினாராவின் அலங்கார விளக்குகளையும், மேல்நோக்கி ஒளிபாய்ச்சும் விளக்குகளையும் அணைத்து வையுங்கள். வாசல் விளக்கும் தெருவிளக்கும் எரியட்டும், பாதுகாப்பு முக்கியம். உறங்கும்போது விளக்குகளை அணைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னது தீ விபத்தைத் தடுப்பதற்காக. வீண்விரயத்தைத் தவிர்க்கவும் அவர்கள் கட்டளையிட்டார்கள். இறை இல்லத்தின் விளக்கே இறைவனின் அத்தாட்சியை மறைக்கலாமா என்று எண்ணிப் பாருங்கள். ஜவ்வாது மலையில் காவலூரிலும், 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானலிலும் நம் மாநிலம் வான் ஆய்வகங்களைக் கொண்டிருக்கிறது. காவலூர் போன்ற இடங்களில் இருளே முதல் கருவி. திருச்சுழிப் பக்கத்துக் காடுகளில் அந்தக் கருவி இன்னும் இலவசமாகக் கிடைக்கிறது. விளக்குகள் பெருகுமுன் அதனைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும்.

வாரம் முடிந்தபின் பகல் வானமும் ஒரு பரிசு தருகிறது. மே 27, 28 ஆகிய நாள்களில், நம் நேரப்படி பிற்பகல் 2.48 அளவில், சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே நிற்கும். அந்நேரத்தில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டால், அதன் நிழலுக்கு நேர் எதிர்த்திசையே கிப்லா. நம் ஊரிலிருந்து அது நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து ஏறத்தாழ 22 பாகை வடக்கே சாய்ந்தது. பிள்ளைகள் தாமே குச்சி நட்டுக் கோடு கிழித்து, வீட்டின் தொழுகை விரிப்பை அதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

பிறைச் சண்டை ஒரே வாரத்தில் தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒன்றாக மாடியில் நின்று ஒரே பிறையைத் தேடியவர்கள், கருத்து வேறுபட்டாலும் கண்ணியத்துடன் வேறுபடுவார்கள் என்று நம்புகிறோம். அடுத்த தலைமுறையில் பிறை பார்க்கத் தெரிந்த கண்களும், கணக்குப் போடத் தெரிந்த மூளைகளும், இரண்டையும் படைத்தவனுக்கு அஞ்சும் உள்ளங்களும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்க வேண்டும். அதற்குச் செலவு ஏழு இரவுகளின் அரை மணி நேரம்.

மே 17 ஞாயிறு மாலை, மஃரிபுக்குச் சற்று முன்பே மேற்குப் பார்த்த இடத்தைத் தேர்ந்து வையுங்கள். வானத்தைப் பார்த்துப் படைத்தவனை அறியும் நற்பேற்றை நமக்கும் நம் சந்ததிக்கும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.